நாற்காலி வீரபாகுவும் ஒரே ஓர் ஆட்சேபமும்

தாமல் தர்மனின் தாடையை உடைத்தது வீரபாகுவின் இடது கை. வலது கையில் அப்போது நாற்காலி இருந்தது. இரண்டு கையும் காலியாக இருந்திருந்தால் தர்மன் இன்று ஊரில் நடமாட மாட்டார் என்று வீரபாகு சொல்வதுண்டு. அதில் பெருமை எதுவும் கிடையாது. நாற்காலிக்குச் சேர வேண்டிய நன்றியை நாற்காலிக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற நேர்மைதான்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பம். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தே வாழ்ந்தவர்கள். வீரபாகுவுக்கு உட்காருவது மட்டும் வரவில்லை. மீசை அரும்பின வயதில் ஒரு நாள், அறுந்த இழையை முடியச் சொன்ன சித்தப்பாவின் முதுகில் தறிக்கட்டையைப் பிடுங்கி இறக்கினார். பிள்ளைக்குக் கைத்தொழில் உண்டு, நெசவில் இல்லை என்று குடும்பம் புரிந்துகொண்டு, உற்சவத்தில் சாமி தூக்க அனுப்பிவைத்தது. அங்கே முன்தண்டு யாருக்கு, பின்தண்டு யாருக்கு என்று ஒரு வழக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மேலே சாமி பொறுமையாகக் காத்திருக்க, கீழே தூக்குகிறவர்கள் கட்டிப் புரளுவார்கள். அப்படி ஒரு வழக்கில் வீரபாகு எதிராளியின் காது மடலைக் கடித்துத் துப்பினார். முன்தண்டு அவருக்கே கிடைத்தது. அந்த வருஷம் சாமி குலுங்காமல் வீதி சுற்றி வந்ததாக எல்லோரும் பாராட்டினார்கள். காது போனவரும் பாராட்டினார், கட்டுப் போட்டுக்கொண்டு.

இப்படிப்பட்ட கை வீணாகாமல் காப்பாற்றியது சட்டம். ஒரு தொழிற்சாலை புதிதாக வர வேண்டும் என்றாலும், வந்தது மேலும் சில காலம் ஓட வேண்டும் என்றாலும், ஊராரைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். கேட்க வேண்டும் என்கிறதே தவிர, காதில் விழ வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் வீரபாகு தன் தொழிலை நடத்திவந்தார். யாராவது மைக்கைப் பிடித்து “எனக்கு இதுல ஆட்சேபம்” என்று தொடங்கினால், பின் வரிசையிலிருந்து ஒரு நாற்காலி பறந்துவரும். அதைத் தொடர்ந்து மற்ற நாற்காலிகள் எழும்பும். நாலு மண்டை உடையும். ஆட்சேபம் பாதியில் நிற்கும். பாதி ஆட்சேபத்தை அரசாங்கம் எழுதிக்கொள்வதில்லை.

அவருடைய நிரந்தர வாடிக்கை ஜோதிர்மய பவர் என்ற மின் நிலையம். காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகிற வழியில், ஏரிக்கு இந்தப் பக்கம், எரிவாயுவில் ஓடுவது. எந்தத் தேசத்திலோ ஓய்வு கொடுத்து அனுப்பிய இயந்திரத்தை வாங்கிவந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் வயசாகிறது இல்லையா? ஊர் விளக்குப் போடுகிற பொழுதில் அதை எழுப்பினால், முதலில் பூமி அதிரும், அப்புறம் ஒரு அலறல், அப்புறம் சிம்னியில் மஞ்சளாக ஒரு புகை. எரிவாயு வராத நாளில் வேறு எண்ணெயை எரிப்பார்கள். அன்றைக்குப் புகை கறுப்பு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் புது இயந்திரம் விடுகிற கரியமில வாயுவைப் போல இது ஒன்றரை மடங்கு விடும் என்று படித்தவர்கள் சொன்னார்கள். கம்பெனி மறுக்கவில்லை. விடுகிற கரியமில வாயு மொத்தத்தையும் ஏரிக்கரையில் தாங்கள் நட்ட மரங்கள் குடித்துவிடுவதாகப் புத்தகம் போட்டது. வழவழ தாளில், பக்கத்துக்குப் பக்கம் மரக்கன்று.

போன முறை அனுமதி நீட்டிக்கும் கூட்டத்தில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, “இந்த மரம்லாம் எங்கேப்பா இருக்குது?” என்று கேட்டவர்தான் தர்மன். தாமலில் நெல் போடுகிறவர். கேள்வியை முடிப்பதற்குள் தாடை போய்விட்டது. கம்பி வைத்துக் கட்டினார்கள். இப்போதும் சோற்றைக் கூழாகக் கரைத்துத்தான் விழுங்குகிறார். பேசினால் குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். அந்த உபகாரத்துக்குக் கம்பெனி வீரபாகுவுக்கு ஒரு மனை கொடுத்தது. மின் நிலையத்து மதிலை ஒட்டினாற்போலவே கொடுத்தது. வீரபாகு அதில் மாடி வைத்து வீடு கட்டினார். மனைவி நீலாம்பாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து தறியைக் கழற்றி எடுத்துவந்து கீழ்த்தளத்தில் பூட்டினாள்.

மகள் சந்தியா தலைப்பிரசவத்துக்கு அந்த வீட்டுக்குத்தான் வந்தாள். பெண் குழந்தை. சிம்னி எழும்பும்போதெல்லாம் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப்போய் வந்தது. குழந்தை நீலம் பாரித்த ஒரு சாயங்காலம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கிருந்தே சந்தியா வாலாஜாபாத்தில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். தாய்வீட்டில் இருக்க வேண்டிய நாள் பாதிகூட முடியவில்லை.

“அந்தச் சிம்னி நிக்கட்டும்மா, வரேன். அதுவரைக்கும் நீயும் கூப்டாத, நானும் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து நீலாம்பாள் புருஷனோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைத் தறியிடம் சொல்வாள்.

“சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது. தர்மன் தாடைய நெனச்சிக்கினு நல்லா மென்னு துன்னச் சொல்லு.”

“எனக்கு மட்டும் பேத்திய பாக்கணும்னு இருக்காதா, நீலா?”

“பேத்தி மூச்சை முழுங்கின கம்பெனிகிட்ட போயி கேக்கச் சொல்லு.”

இந்தப் பங்குனியோடு அனுமதி மறுபடி முடிகிறது. கம்பெனியின் சமூக உறவு அதிகாரி ஜெயக்குமார் இனிப்புப் பெட்டியோடு வந்தார். மென்மையானவர். ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்பதால் இந்த வேலையை வெளியே கொடுக்கிறவர்.

“வீரபாகு அண்ணே, இந்தத் தடவ பதினஞ்சு வருஷத்துக்குக் கேட்டிருக்கோம். ஒரு ஆட்சேபம்கூட பதிவாகலன்னா ஃபைல் நேரா போயிடும். ஒண்ணே ஒண்ணு பதிவானாலும் மேல் விசாரணைன்னு இழுத்துடுவாங்க. பங்குனி தாண்டிடும். அப்புறம் மெஷினைத் தொட முடியாது.”

“ஒண்ணுகூட ஆவாது சார். நீங்க நிம்மதியா போங்க.”

“கார்பன் பத்தி யாராவது ஆரம்பிச்சா…”

“சார், அவன் எதப் பத்தி ஆரம்பிச்சா எனக்கு இன்னா சார்? ஆரம்பிச்சாத்தானே?”

உள்ளே தறிச் சத்தம் நின்றது. ஜெயக்குமார் போனதும் நீலாம்பாள் தறியிடம் கேட்டாள்.

“ஒண்ணு பதிவானா போதுமாமே?”

வீரபாகு அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் பையன்களைத் தாமல் ஏரிக்கரையில் கூட்டிவைத்துப் பாடம் எடுப்பது அவர் வழக்கம். பையன்கள் என்றால் மீசை நரைக்கத் தொடங்கியவர்களும் உண்டு. தலைமைச் சீடன் குரு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை போய்த் திரும்பியவன். முழங்காலால் வயிற்றில் இடிப்பதில் சொல்லிக்கொடுத்தவரையே மிஞ்சிவிட்டான் என்று வீரபாகுவே ஒப்புக்கொள்வார்.

“மைக்கு யார் கையில இருக்குதோ அவன்தான் நம்ம ஆளு. மூஞ்சப் பாக்காத. மூஞ்சப் பாத்தா பாவம் பாப்ப. மைக்கப் பாரு. புரியுதா?”

“புரியுது அண்ணாத்தே.”

“ஆரம்பிச்சிட்டா நடுவுல நிறுத்தக் கூடாது. நானே வந்து ‘நிறுத்துடா’ன்னாலும் நிறுத்தாத. எவனாவது என்னை வெலைக்கு வாங்கிட்டான்னு வெச்சுக்கோ, அப்ப நான் சொல்றது செல்லாது.”

“அப்ப உன்னையும் சாத்தலாமா?” என்று குரு சிரித்துக்கொண்டே கேட்டான்.

“தொழில்ல அண்ணன் தம்பி கிடையாதுடா” என்றார் வீரபாகு. எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் ஏரிக்கரை நெடுக மூங்கில் கூண்டுகள் வரிசையாக நின்றன. உள்ளே கன்று எதுவும் கிடையாது. நட்டதும் இதே பையன்கள்தான். ஒரு குழியில் நட்டு, படம் எடுத்து, அதே கன்றைப் பிடுங்கி அடுத்த குழியில் நட்டு, மறுபடி படம் எடுத்தார்கள். கடைசிக் குழிக்கு வருவதற்குள் கன்று வாடிவிட்டதால், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பையனை உட்கார வைத்தார்கள். இந்தக் கதையை வீரபாகு வீட்டில் சோறு தின்றுகொண்டே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கூட்டம் ஊர் எல்லையில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய மேஜை, அதற்குப் பின்னால் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, பக்கத்தில் ஜெயக்குமார். தாமல்காரர்கள் இடது பக்கம் உட்கார்ந்தார்கள். கம்பெனி வேன் வைத்து அழைத்துவந்தவர்கள் வலது பக்கம், பிரியாணி வாசனையோடு. பெண்கள் வரிசையில் நீலாம்பாளும் இருந்தாள். கல்யாண மண்டபம் என்பதால் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்று வீரபாகு நினைத்துக்கொண்டார்.

தர்மன் எழுந்து மைக்கை வாங்கினார். தாடையைச் சுற்றித் துண்டு.

“போன தபா நான் கேட்டது…” என்று குடத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

குரு எறிந்தது இரும்பு நாற்காலி. அது தர்மனின் நெற்றியில் மோதிய சத்தம் மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. மனிதர் மரம் விழுகிற மாதிரி விழுந்தார். துண்டு சிவந்தது. தாமல்காரர்கள் பந்தல் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார்கள். ஒருத்தன் முழங்கை பின்பக்கமாக மடங்கியது. ஒருத்தன் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். பிரியாணிக்காரர்கள் சன்னல் வழியாகக் குதித்தார்கள். பெண்கள் வரிசையில் ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து ஒருவன் இழுக்க, அவள் அவன் விரலைக் கடித்தாள். நாற்காலி வாடகைக்குக் கொடுத்த பந்தல் கடை சிட்டிபாபு மட்டும், “ஒரேய், நா குர்ச்சீலுரா! நா குர்ச்சீலு!” என்று தன் நாற்காலிகளுக்காகத் தெலுங்கில் கதறிக்கொண்டு குறுக்கே ஓடினார். அவர் மேலேயும் ஒன்று விழுந்தது.

வீரபாகு தூணில் சாய்ந்து திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபம் பாதியில் நின்றாகிவிட்டது.

அப்போதுதான் தர்மனின் கையிலிருந்து உருண்ட மைக்கை ஒரு கை எடுத்தது. வளையல் போட்ட கை.

“எனக்கு ஆட்சேபம்” என்றாள் நீலாம்பாள்.

குரு மூஞ்சியைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்தான். அடுத்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினான். அது கையை விட்டுக் கிளம்புவதற்குள் வீரபாகு ஓடிப்போய் நடுவில் விழுந்தார். நாற்காலி அவருடைய தோளில் இறங்கியது. சாமி தூக்கிக் காய்த்துப்போன தோள். அதுவே பொத்தென்று இறங்கியது.

“நிறுத்துங்கடா! என் சம்சாரம்டா அது!”

“அண்ணாத்தே, ஒதுங்கு.”

“நிறுத்துடான்னு சொல்றேன்!”

“நீ சொன்னா நிறுத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன?” என்று கேட்டுக்கொண்டே குரு முழங்காலை அவர் வயிற்றில் ஏற்றினான். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. “எவன் வாங்கினான் அண்ணாத்தே உன்னை?”

வீரபாகு நீலாம்பாளுக்கு முன்னால் கையை அகல விரித்துக்கொண்டு நின்றார். திருப்பி அடிக்கக் கையை எடுத்தால் இடைவெளி விழும். வாழ்நாளில் முதல் தடவையாக அடியை வாங்குவது மட்டுமே அவருக்கு வேலையாக இருந்தது. அதில் அவருக்குப் பழக்கம் போதவில்லை. விலாவில் ஒன்று முறிந்தது. காதுக்குள் ஏதோ வெடித்தது. உதடு கிழிந்து தொங்கியது.

“சீக்கிரம் சொல்லி முடி, நீலா.”

“நீ சும்மா இரு. இவ்ளோ வருஷம் நீ பேசின, நான் குறுக்க பேசினேனா?” நேராக அவரிடமே பேசினாள். அவளும் அதைக் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

மேடையில் அதிகாரியைக் காணோம். ஜெயக்குமார் ரத்தம் பார்த்து நாற்காலியிலேயே மயங்கிக் கிடந்தார். நீலாம்பாள் மேடை ஏறினாள். வீரபாகு அவளை மறைத்தபடியே பின்னோக்கிப் படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் ஓர் அடி. அவள் மேஜையின் வெள்ளைத் துணியைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். அதிகாரி கோப்பைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு முட்டிபோட்டு இருந்தார்.

“ஐயா, எழுதிக்குங்க.”

“இப்பவாம்மா?”

“இப்ப உட்டா எப்பங்க? மொதல்ல மரம். ஏரிக்கரையில மரம் கெடையாது. கூண்டுதான் இருக்குது. அந்தப் புத்தகத்துல இருக்கறதெல்லாம் ஒரே கன்னு. நட்டவங்களே சொல்லிச் சிரிச்சாங்க, நான் சோறு போட்டுக்கினு கேட்டேன்.”

மேலே யாரோ மேஜை மேல் விழுந்தார்கள். மேஜை முனகியது.

“ரெண்டாவது?” என்றார் அதிகாரி. தொழில் பழக்கம்.

“அந்தக் கெழட்டு மெஷினு. அது உடற வாயுவெல்லாம் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் எங்க வூட்டுக்கு வருது. பொறந்த கொழந்தைக்கு மூச்சு உட எடம் இல்ல. எம் பொண்ணு, பேத்தி ரெண்டு பேரும் வூட்ட உட்டுப் போயிட்டாங்க. பதினஞ்சு வருஷம் கேக்கறாங்களாமே, அதுக்குள்ள அந்தக் கொழந்த பாவாட தாவணியே கட்டிடும். அதனால இத நிறுத்தணும். இதான் ஆட்சேபம்.”

“பெயர்?”

“நீலாம்பாள்.”

“கணவர் பெயர்?”

நீலாம்பாள் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை கோபத்திலும், எத்தனை வசவிலும், புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னது கிடையாது. அவள் வீட்டில் யாருமே சொன்னது கிடையாது.

“சொல்லும்மா. கணவர் பேர் இல்லாம பதிய முடியாது. நீலாம்பாள்னு இந்த ஊர்ல தெருவுக்கு ஒருத்தர் இருப்பாங்க.”

“தோ, அடி வாங்கிக்கினு நிக்குதே, அவுருதான்.”

“அதை எப்படிம்மா எழுதறது?”

“முருகருக்குச் சேனாபதி பேருங்க.”

“கார்த்திகேயனா?”

“ஐய, அது முருகரேதான்! இன்னாங்க படிச்சீங்க?”

“வேற யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லும்மா!” மேஜையின் ஒரு கால் உடைந்தது. அதிகாரி அலறினார். “பேர் இல்லாம பாதியில நிக்குது!”

பாதியில் நிற்கிறது என்ற வார்த்தை வீரபாகுவின் காதில் விழுந்தது. நல்ல காது ஒன்று மிச்சம் இருந்தது. பாதியில் நின்ற ஆட்சேபம் என்ன ஆகும் என்று அந்த மண்டபத்தில் அவரைவிட அறிந்தவர் யார்? தன் பெயர் அந்தத் தாளில் ஏறினால் மனை என்ன ஆகும், தொழில் என்ன ஆகும் என்பதும் தெரியும். மயக்கம் தெளிந்து, “அண்ணே, வேணாம்ண்ணே” என்று ஜெயக்குமார் கும்பிடுவதும் தெரிந்தது.

“வீரபாகு!” என்று கத்தினார். வாயில் நிரம்பியிருந்த ரத்தம் மேஜைத் துணியில் தெறித்தது. குரு பின்மண்டையில் ஒன்று வைத்தான். “எழுதுய்யா! வீரபாகு! அப்பன் பேரு வடிவேல் முதலி!”

“அப்பா பேர் தேவையில்ல” என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே.

“எழுதிட்டீங்களா? படிச்சுக் காட்டுங்க” என்றாள் நீலாம்பாள்.

அதிகாரி படித்தார். அச்சுத் தமிழில், நிறுத்தி நிதானமாக, மேஜைக்கடியிலிருந்து. மேற்படி மரங்கள், மேற்படி இயந்திரம், மேற்படி குழந்தை. படித்து முடிக்கும்வரை வீரபாகு நின்றார். முடிந்ததும் விழுந்தார்.

தர்மனுக்கு நெற்றியில் தையல். வீரபாகுவுக்கு மூன்று விலா எலும்பு, ஒரு தோள், ஒரு காது. ஜெயக்குமாருக்கு ஓய்வு தேவைப்பட்டது. அரசு ஆஸ்பத்திரியில் தர்மனுக்குப் பக்கத்துக் கட்டில்தான் வீரபாகுவுக்குக் கிடைத்தது. தர்மன் ஒரு நாள் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். மறுநாள் கஞ்சி வந்தபோது, தன் கட்டிலிலிருந்து எழுந்துவந்து, வீரபாகுவின் கஞ்சியில் துப்பிவிட்டுப் போய்ப் படுத்தார். வீரபாகு கஞ்சியைத் தள்ளிவைத்தார். பசியோடு இருந்துகொண்டார்.

மேல் விசாரணை பங்குனி தாண்டியும் தொடங்கவில்லை. ‘மறு உத்தரவு வரும்வரை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று மின் நிலையத்துக் கதவில் தாள் ஒட்டினார்கள். மனையைத் திருப்பிக் கேட்டுக் கம்பெனி வக்கீலை அனுப்பியது. வழக்கு ஏதாவது வந்தால் என்ன ஆகுமோ என்று வீரபாகு அந்நாளிலேயே நீலாம்பாள் பேரில் எழுதி வாங்கின மனை அது என்பதால் அவரும் வந்த வழியே போனார். விளக்கு வைக்கிற நேரத்தில் சிம்னி சும்மா நின்றது. காக்கை உட்கார்ந்தது.

நீலாம்பாள் வாலாஜாபாத்துக்குப் போன் போட்டாள்.

“நிறுத்திட்டாங்கடி.”

“நெஜமாவா? ஒரேயடியாவா?” என்றாள் சந்தியா.

“தற்காலிகமாவாம். தாளு ஒட்டியிருக்காங்க.”

 அந்தப் பக்கம் குழந்தை எதையோ பார்த்துக் கத்துவது கேட்டது.

“நைனாவுக்கு எப்டி இருக்குது?”

“மூச்சு உட்டா வலிக்குதாம். உடாம இருக்கச் சொல்லியிருக்கேன்.”

“சரி. அவங்க தற்காலிகமா நிறுத்தினா, நானும் தற்காலிகமா வரேன். ஒரு பையிதான் எடுத்துக்கினு வருவேன், சொல்லிட்டேன். அந்த மெஷின்ல ஒரு சத்தம் கேட்டுது, அந்த நிமிஷமே ஆட்டோ ஏறிடுவேன்.”

“ஒரு பை போதும்டி, வா” என்றாள் நீலாம்பாள்.